விநியோகச் சங்கிலித் தாக்குதல் என்றால் என்ன? அதை எப்படித் தடுப்பது?

ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்பை நேராகத் தாக்காமல், அந்த நிறுவனம் நம்பி வேலை கொடுத்திருக்கும் இன்னொரு நிறுவனம் வழியாக உள்ளே நுழைவதுதான் இது. மென்பொருள் விற்பவர், கணக்கு பார்ப்பவர், ஏசி பராமரிப்பவர் என்று யார் வழியாகவும் வரலாம்.

ஏசிக்காரரா என்று சிரிக்க வேண்டாம். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடுபோயின. குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடித்தான் உள்ளே நுழைந்தார்கள். 2020-இல் வெளிவந்த, சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரம் இன்னும் மோசம்: அந்த நிறுவனமே அனுப்பிய அப்டேட்டுக்குள் தீங்குநிரல் ஒளிந்திருந்தது.

ஏன் இப்படிச் சுற்றி வருகிறார்கள்? பெரிய நிறுவனம் பாதுகாப்புக்கு நிறையச் செலவழிக்கும். அதற்கு வேலை செய்யும் சின்ன நிறுவனத்திடம் அவ்வளவு பணமோ ஆளோ இருக்காது, ஆனால் உள்ளே வர அனுமதி இருக்கும். வாசலுக்கு நல்ல பூட்டாகப் போட்டுவிட்டு, மாற்றுச்சாவியைக் குழாய் சரிசெய்பவரிடம் கொடுத்துவைப்பது மாதிரி. அவர் நல்லவர்தான், சாவியைத் தொலைத்துவிட்டால்?

சரி, என்ன செய்யலாம்? யார் யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று முதலில் பட்டியல் போடுங்கள். பாதிப் பேருக்கு அது தேவையே இருக்காது. வேலை முடிந்ததும் அனுமதியை நீக்குங்கள். மீதிப் பேருக்கு இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு, போனுக்கு வரும் குறியீடு போல இன்னொன்றையும் கேட்பது) கட்டாயமாக்குங்கள். அப்புறம், அவர்களிடம் ஊடுருவல் நடந்தால் உடனே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

“நாங்கள் சின்ன நிறுவனம், எங்களை யார் தாக்குவார்கள்” என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய இடத்துக்குப் போகும் வழியாகத்தான் சின்ன நிறுவனங்களைத் தேடிவருகிறார்கள்.