பொருளின் வசதிகளை இயல்பான ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

‘திஸ் பாட்டில் இஸ் ஹேவிங் லீக்-ப்ரூஃப் ஃபெசிலிட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் புரிகிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது, எங்கே என்று கேட்கிறீர்கள். ஆன்லைன் விற்பனைப் பக்கங்களுக்கு விவரம் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் எழுதித் தள்ளினேன்.

இடிப்பதற்கு முதல் காரணம் நம்முடைய ‘வசதி’. பையில் ஜிப் இருந்தாலும் வசதி, கட்டடத்தில் லிஃப்ட் இருந்தாலும் வசதி. ஆங்கிலத்தில் ‘ஃபெசிலிட்டி’ என்றால் பார்க்கிங், ஆய்வுக்கூடம் மாதிரி ஓர் இடமோ ஏற்பாடோதான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். பாட்டில் மூடிக்கு அது ரொம்பப் பெரிய சட்டை. ‘ஃபீச்சர்’ என்று மாற்றலாம், ஆனால் பல இடங்களில் அதுவும் வேண்டாம். அப்புறம் ‘இஸ் ஹேவிங்’: ஒன்றிடம் ஒன்று இருக்கிறது என்று சொல்ல ‘ஹேஸ்’ போதும்.

சரி, எப்படி எழுதுவது? எழுதும் முன் அந்தப் பொருளை வீட்டில் ஒருவரிடம் காட்டுவதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘கசிவுத் தடுப்பு வசதி கொண்டது’ என்று யாராவது பேசுவார்களா? ‘மூடி நல்லா இறுகிக்கும், பைக்குள்ள சாய்ஞ்சு கிடந்தாலும் சொட்டாது’ என்போம். அதையே ஆங்கிலமாக்குங்கள்: ‘தி லிட் சீல்ஸ் டைட், ஸோ இட் வோன்ட் லீக் இன் யுவர் பேக்.’ வசதி காணாமல் போய், மூடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ‘மடக்கும் வசதி உடையது’ என்பதற்கு ‘ஃபோல்ட்ஸ் ஃப்ளாட்’, இரண்டே சொல்.

அடிக்கடி கண்ணில் படும் இன்னொன்று, ‘10 அவர்ஸ் பேட்டரி’. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அளவு வந்தால் ஆங்கிலத்தில் ஒருமைதான், நடுவில் ஒரு சிறு கோடு: ‘10-அவர் பேட்டரி’. இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். தமிழிலும் ‘பத்து அடி கயிறு’ என்றுதானே சொல்கிறோம், ‘பத்து அடிகள் கயிறு’ என்று இல்லையே. ஆனால் 10 மணி நேரம் எப்போதுமே வருமா? சந்தேகமிருந்தால் ‘அப் டு 10 அவர்ஸ்’ என்று எழுதுங்கள்.

மொழி சரியாக இருந்தும் மாட்டிக்கொள்ளும் இடம் ‘வாட்டர்ப்ரூஃப்’. ஐபி67 என்பது சோதனையில் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கியது என்பதைச் சொல்லும் குறியீடு. அதை வைத்து நீச்சலுக்கு ஏற்றது என்று எழுதிவிடாதீர்கள். தூறல் மட்டும் தாங்கும் பைக்கு ‘வாட்டர்-ரெசிஸ்டன்ட்’ போதும். ஒருமுறை ‘வாட்டர்-ரெசிஸ்டன்ட்’ பைக்கு ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று நான் மாற்றி எழுதப்போய், நனைந்த பையின் படங்களோடு புகார்கள் வந்தன. அந்தப் பக்கத்தின் ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இல்லை.