கலங்கரை விளக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

30 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரிகிறதே, உள்ளே இருக்கும் பல்பு ஆள் உயரம் இருக்குமோ?

இருக்காது. பல இடங்களில் கையில் எடுத்துவிடக்கூடிய பல்புதான். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்பது அதைச் சுற்றியுள்ள லென்ஸ். சுடர் எதுவானாலும் அதன் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். வானத்துக்கும் தரைக்கும் போகும் ஒளியால் மாலுமிக்கு ஒரு பயனும் இல்லை. முன்பு சுடருக்குப் பின்னால் உலோகக் குழியாடி வைத்தார்கள். ஆனால் அந்த உலோகமே ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

இதைத் தீர்த்தவர் பிரான்ஸின் இயற்பியலாளர் ஒகுஸ்தீன் ஃப்ரெனெல். குவிலென்ஸில் ஒளியை வளைப்பது அதன் மேற்பரப்புதான், நடுவில் உள்ள கனத்த கண்ணாடி வெறும் சுமை. அதனால் வளைந்த முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் படிப்படியான வளையங்களாக அமைத்தார். 1823இல் பிரான்ஸின் கோர்டுவான் கலங்கரை விளக்கத்தில் அந்த லென்ஸோடு விளக்கு எரிந்தது. பிற்பாடு மேலும் கீழும் பட்டகங்களை அடுக்கி, தப்பிப் போகும் ஒளியையும் கிடைமட்டமாகத் திருப்பினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், குளத்தில் கல் விழுந்ததும் விரியும் அலைபோல் வட்டத்துக்குள் வட்டமாகக் கண்ணாடி, ஒவ்வொன்றையும் பிடித்திருக்கும் பித்தளைச் சட்டம். கண்ணாடியில் இவ்வளவு அழகான வேலையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுவது யார்?

சுழலும் விளக்கத்தில் பல்பு அணைவதே இல்லை. சுற்றுவது லென்ஸ். அதன் ஒவ்வொரு முகமும் ஒரு கற்றையை வீசும். கற்றை நம்மைக் கடக்கும் நொடியில் மின்னலாகத் தெரியும். நான்கு முகம், ஒரு சுற்றுக்கு 20 நொடி என்றால் 5 நொடிக்கு ஒரு மின்னல். பக்கத்துக் கலங்கரை விளக்கத்துக்கு வேறு கணக்கு இருக்கும். மாலுமி நொடிகளை எண்ணி, கடல் வரைபடத்தோடு ஒப்பிட்டு, இது எந்த விளக்கம் என்று சொல்லிவிடுவார். டன் கணக்கில் எடையுள்ள லென்ஸைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். விரலால் தள்ளினாலே நகரும். ஆனால் பாதரச ஆவி நஞ்சு என்பதால் பல இடங்களில் அதை எடுத்துவிட்டார்கள்.

எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லதுதானே?

ஓரளவுக்குச் சரி. பூமி வளைந்திருப்பதால் உயரம் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 36 மீட்டரில் எரியும் விளக்கை, 9 மீட்டர் உயரத்தில் நிற்பவர் சுமார் 19 கடல் மைலிலிருந்து (ஏறக்குறைய 35 கிலோமீட்டர்) பார்க்கலாம். அதற்காக மலையுச்சிக்குப் போனால் மேகமும் மூடுபனியும் மறைக்கும். அமெரிக்காவின் சான் டியாகோவில் 1855இல் ஏற்றிய பாயின்ட் லோமா விளக்கு கடல்மட்டத்துக்கு மேல் 140 மீட்டரில் இருந்தது. மேகத்தில் அடிக்கடி மறைந்துபோனதால் 1891இல் அதைக் கைவிட்டு, கீழே கரையோரம் புதிதாகக் கட்டினார்கள்.

பகலில் விளக்கறைக்கு ஏன் திரை போடுகிறார்கள்?

லென்ஸ் இரு திசையிலும் வேலை செய்யும். வெயில் உள்ளே குவிந்தால் பல்பு கெடும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஜிபிஎஸ் வந்தபிறகும் இது தேவையா?

தேவை என்றே உறுதியாகச் சொல்வேன். செயற்கைக்கோள் சமிக்ஞையைத் தடுக்கலாம், போலியாக அனுப்பவும் செய்யலாம். அப்புறம், பல துறைமுக வாசல்களில் நிறம் பிரித்த விளக்குகள் இருக்கின்றன. வெள்ளை தெரிந்தால் கப்பல் சரியான பாதையில் போகிறது. சிவப்போ பச்சையோ தெரிந்தால் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்து உடனே திருப்பிவிடலாம்.