'லைட்மேன் வேலைக்கா?' என்று கேட்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து

ஆவடியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ, கணிதம்-இயற்பியல் பிரிவு. பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு அரங்கமும் ஒளியும் அமைத்தவள், இப்போது அதையே படிக்க வேண்டும் என்கிறாள். சித்தப்பாவோ ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார். "பொம்பளப் பிள்ளைய லைட்மேன் வேலைக்கா அனுப்புவ?" என்றும் கேட்டிருக்கிறார்.

உங்கள் கவலை நியாயமானதுதான் ஐயா. ஆனால் ஆறுதல் இத்தோடு போதும், கணக்குக்கு வருவோம். அந்தச் சீட்டுக்காக நீங்கள் வாங்க நினைக்கும் 8 லட்சம் ரூபாய் கடனை 10 சதவீத வட்டியில் 7 வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 13,300 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்துப் பத்திரமும் கேட்கும். பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். தவணை கட்டப்போவது நீங்கள், சித்தப்பா இல்லை.

அவள் விருப்பம் நிஜமா, ஆண்டு விழா மயக்கமா? இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே விடை கிடைக்கும். 30 அடி அகலம், 20 அடி ஆழமுள்ள மேடையை, அடிக்கு அரை அங்குலம் என்ற அளவில் அட்டையில் செய்யச் சொல்லுங்கள். தரை 15க்கு 10 அங்குலம் வரும். ஏழடிக் கதவு மூன்றரை அங்குலம். ஐந்தரை அடி ஆளையும் அதே அளவில் வெட்டி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வீடு அரண்மனையாகத் தெரியும். பிறகு முதல் வரிசையின் கடைசி நாற்காலி எங்கே வருமோ அங்கே கண்ணை வைத்துப் பார்க்கட்டும். பக்கத் திரைக்குப் பின்னால் காத்திருக்கும் நடிகர் அங்கிருந்து தெரிந்தால் திரையை நகர்த்த வேண்டும். புதியவர்கள் நடு இருக்கையிலிருந்து மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவார்கள்.

அடுத்து விளக்கை அணைத்துவிட்டு உங்கள் முகத்திலேயே டார்ச் அடிக்கட்டும். நேர் எதிரே அடித்தால் முகம் தட்டையாகிவிடும். தாடைக்குக் கீழிருந்து அடித்தால் பேய்ப்படம். பக்கவாட்டிலும் மேலேயும் ஏறக்குறைய 45 டிகிரி தள்ளி, இரண்டு புறமும் ஒவ்வொரு டார்ச் வைக்கட்டும், ஒன்றில் இள மஞ்சள் தாள், மற்றதில் இள நீலத் தாள். மூக்கும் கன்னமும் எடுப்பாகத் தெரியும். அமெரிக்காவின் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1930களில் வகுத்துத் தந்த அடிப்படை இதுதான். நீலச் சுவரில் ஆம்பர் எனப்படும் செம்மஞ்சள் ஒளி விழுந்தால் ஏன் அழுக்காகத் தெரிகிறது என்று அவளே கேட்டால், பாதி விடை வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் அட்டை பரண் ஏறிவிட்டால் அதுவும் ஒரு விடைதான். அப்போது வேறு பேசலாம்.

விருப்பம் நிஜமென்றால், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பக்கம் போக வேண்டாம், அது கேமராவுக்கான படிப்பு. நான் சொல்வது யாரும் கணக்கில் எடுக்காத வழி. மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான், ஆவடியிலிருந்து ரயிலில் போய்வரலாம். மாலைகளிலும் விடுமுறையிலும் ஒரு நாடகக் குழுவோடும், லைட் வாடகைக்கு விடும் கடை ஒன்றோடும் இருக்கட்டும். மார்கழியில் நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு ஒளி அமைப்பவர்களுக்கு உதவி ஆள் தேவைப்படும்.

கடையில் கற்பதைக் கல்லூரி சொல்லித்தராது. பார் கேன் என்ற குழாய் வடிவ மேடை விளக்கு, 1000 வாட்டில் ஆறு என்றால் 230 வோல்டில் சுமார் 26 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்றில் மூன்றுக்கு மேல் மாட்டக்கூடாது. பள்ளி அரங்குகளில் வயர் கருகுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் கையால் தொட்டால் விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து விளக்குகளுக்கு ஆணை கொண்டுபோகும் டி.எம்.எக்ஸ் கேபிள் வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (வரிசையை முடித்து வைக்கும் மின்தடை) மாட்டாவிட்டால், அல்லது மைக் கேபிளை வைத்துச் சமாளித்தால், காட்சி நடுவே விளக்குகள் தானாகத் துடிக்கக்கூடும். தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்ப் தவிர இரும்பு சேஃப்டி கயிறும் வேண்டும். பெண் பிள்ளை என்ற கவலைக்கு என் பதிலும் இதுதான்: சேஃப்டி கயிறு கட்டாத கடைக்கு ஆண் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். இரவு வேலை முடிந்து வீடு திரும்ப வண்டி உண்டா என்பதையும் முதல் நாளே கேளுங்கள்.

பட்டம் முடிந்ததும் டெல்லி தேசிய நாடகப் பள்ளி. 1959இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். மூன்றாண்டு முழுநேரப் படிப்பு, மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. முதலாண்டு எல்லோருக்கும் பொது, பிறகு அரங்கத் தொழில்நுட்பமும் வடிவமைப்பும் என்ற பிரிவை எடுக்கலாம். ஏதாவது ஒரு பட்டத்தோடு, ஆறு நாடகங்களிலாவது பங்கேற்றதற்கான சான்றும் கேட்பார்கள். அதனால் கல்லூரி முதலாண்டிலிருந்தே நிகழ்ச்சி அழைப்பிதழ், சான்றிதழ், ஒளிக்குறிப்புத் தாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்க்கட்டும். விளக்குதான் வேண்டும் என்பவளும் தேர்வில் நடித்துக் காட்ட வேண்டும். இந்தி தெரியாமல் அங்கே சிரமம், அதைக் கற்கவும் பி.எஸ்சி. படிக்கும் மூன்று வருடம் இருக்கிறது. இடம் மிகக் குறைவு, முதல் முறையே கிடைக்காமல் போகலாம். அப்போதும் கையில் இயற்பியல் பட்டமும் தொழிலும் இருக்கும், கடன் இருக்காது.

வருமானத்தைப் பற்றியும் மறைக்க மாட்டேன். தொடக்க வருடங்களில் வரவு ஒழுங்காக இருக்காது, நாடகம் மட்டும் சோறு போடாது. நாட்டியம், நிறுவன விழா, திருமண மேடை, கட்டடங்களுக்கான ஒளியமைப்பு எல்லாம் சேர்ந்துதான் வருமானம். கல்கத்தாவில் 1959இல் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியால் காட்டிய தாபஸ் சென் என்ற ஒளியமைப்பாளரையும் லைட்மேன் என்று சொல்லலாம்தான். சித்தப்பாவிடம் அதையும் சொல்லுங்கள்.

அரசுக் கல்லூரி விண்ணப்பம் பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி இணையத்தில் திறக்கும். தனியார் கல்லூரியில் முன்பணம் கேட்டால், அதற்குள் கட்டிவிடாதீர்கள்.