நின்றால் சூடு, ஓடினால் சுகம்: ஹெட்டைக் கழற்றாதீர்கள்

கேள்வி: உப்புவெளியிலிருந்து கந்தளாய் வரை ஓடினாலும் என் காரின் வெப்பமுள் நடுவிலேயே நிற்கிறது. திருகோணமலை நகர நெரிசலில் ஏசி போட்டபடி பத்து நிமிடம் நின்றால் சிவப்பைத் தொடுகிறது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடான காஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். கழற்றலாமா?

பதில்: வேண்டாம். ஓடும்போது ரேடியேற்றருக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். உங்கள் காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது விசிறியைத்தான்.

எஞ்சின் ஆறியபின் ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் விசிறி உடனே சுழலும். சுழலாவிட்டால் பியூஸைப் பாருங்கள். பிறகு விசிறிக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்சான ரிலேயின் மேல் விரலை வைத்து, இன்னொருவரை ஏசியைப் போடச் சொல்லுங்கள். உள்ளே 'டக்' என்று விரலுக்குத் தெரியும். அது தெரிந்தும் விசிறி அசையாவிட்டால், சாவியை எடுத்துவிட்டு மோட்டார் பிளக்கைப் பிரியுங்கள். கடலோரக் கார்களில் அதன் செப்பு முனைகள் பச்சை பூத்துக் கிடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சுத்தம் செய்தாலே பல கார்கள் சரியாகிவிடும்.

இதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் காஸ்கட் என்றால்தான் கூலி பெருகும், உதிரிப்பாகத் தரகருக்கும் பங்கு கிடைக்கும். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். ஏன் மாற்றினார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரக் கேட்பவரையே குற்றவாளியைப் போலப் பார்க்கும் வழக்கம் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல்.

'சூடான ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு' என்று கழற்றி எறியவும் விடாதீர்கள். பல கார்களில் 82 முதல் 88 பாகை செல்சியஸில் திறக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் பெற்றோல் வீணாகும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

காஸ்கட் உண்மையாகவே போயிருக்கவும் கூடும். அப்படியானால் ஆறிய எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் ஓயாமல் வரும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல மாறியிருக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் தண்ணீர் குறையும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது. இவற்றில் ஒன்றாவது தெரிந்தால் வேறொரு மெக்கானிக்கிடம் அழுத்தச் சோதனை செய்த பிறகே கழற்றச் சம்மதியுங்கள். சுடச் சுட ஓட்டினால் நல்ல காஸ்கட்டும் கெடும்.

அதுவரை முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். எஞ்சின் முழுதாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும்.