பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் பேரிடர் மீட்புத் திட்டம் (வெள்ளமோ தீயோ வந்தால் தொழிலைத் திரும்ப ஓட்டுவதற்கான முன்னேற்பாடு) எல்லாம் தேவையா?

கேட்டவர் சின்னத் தொழில் நடத்துகிறவர் என்று நினைக்கிறேன். "அதெல்லாம் ஐடி நிறுவனங்களுக்கு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான், 2015 டிசம்பர் 1 வரைக்கும்.

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் எங்களுக்குச் சிஎன்சி லேத் பட்டறை, அதாவது கணினி புரோகிராம் சொல்கிறபடி உலோகத்தைக் கடையும் இயந்திரம். அன்று மாலை தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் கணினியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, பெரிய காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு எங்கள் தெருவுக்கு வந்தது. சில நாள் கழித்து ஷட்டரைத் தூக்கினால் மேசையே மிதந்துபோய் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்? அதே அறையில், பீரோவின் கீழ்த்தட்டில், சேற்றுக்குள்.

இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, உள்ளே இருக்கும் மின்னணுக் கார்டுகளை மாற்றி ஓட்டிவிடலாம். ஒன்பது வருடமாக எழுதிச் சேர்த்த புரோகிராம்களுக்கு எங்கே போவது? இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஓர் ஆபரேட்டரை எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தேன். வீட்டில் படித்துப் பார்க்கக் கம்பெனி புரோகிராம்களைப் பென் டிரைவில் எடுத்துப் போகிறான் என்று. திருட்டு என்ற சொல்லையும் பயன்படுத்தினேன். அந்தத் தம்பிதான் அம்பத்தூரிலிருந்து வந்து, "அண்ணே, இதில் முக்கால்வாசி இருக்கிறது" என்று கையில் வைத்தான். எனக்கு முகம் நிமிரவில்லை.

அதன்பின் ஒரு பிரதி ஆடிட்டர் அலுவலகத்தில், ஒன்று இணையத்தில் சேமிக்கும் கிளவுடில். மாதம் ஒருமுறை பழைய லேப்டாப்பில் திறந்தும் பார்க்கிறோம். முதல் தடவை திறந்தபோது உள்ளே கோப்பே இல்லை. டெஸ்க்டாப்பிலிருந்த ஷார்ட்கட்டை, அதாவது கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறியை மட்டும் நகலெடுத்து வைத்திருந்தோம்! "கிளவுடு இருக்கும்போது இவ்வளவு கதை எதற்கு" என்று கேட்க வருகிறவர்கள், அதிலிருந்து கடைசியாக எப்போது ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் தொலைபேசி எண்களைக் காகிதத்திலும் எழுதி வீட்டில் வையுங்கள்.

காப்பீடு இருந்தது. ஆனால் இயந்திரத்தின் மதிப்பைப் பாதியாகக் காட்டிப் பிரீமியத்தை மிச்சம் பிடித்திருந்தேன். பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தால் நஷ்டத்திலும் பாதிதான் கிடைக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் தவறுதான், யாரையும் குறை சொல்லவில்லை.

குறை சொல்ல வேண்டியவர்கள் வேறு. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. எங்களிடம் வேலை வாங்கிய ஒரு பெரிய நிறுவனம் நவம்பர் பில்லுக்கு மே மாதம் பணம் கொடுத்தது. வெள்ளம் எங்களை மூன்று வாரம் நிறுத்தியது. பணத்துக்காக நான் அவர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்த நாட்களைக் கூட்டினால் அதைவிட அதிகம் வரும். அதற்கு எந்தப் பேக்கப்பும் இல்லை. வழக்குப் போடலாமே என்பீர்கள். போட்டால் அடுத்த ஆர்டர் வராது, ஐயா.