துரைமார் வாங்காத படங்கள்

கேள்வி: சென்ற இதழில், 18-ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் தெரு மனிதர்களை ஒரு ஐரோப்பியர் வரைந்த படங்களைப் போட்டு ஏகத்துக்கும் சிலாகித்திருந்தீர்கள். துரைமார் வேடிக்கை பார்க்க வரைந்ததை நாம் கொண்டாடுவது அடிமைப் புத்தி இல்லையா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: துரைமார் வேடிக்கை பார்த்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார்.

பால்தசார் சால்வின்ஸ், ஆண்ட்வெர்ப்காரர். 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிகூட இல்லாமல் கல்கத்தாவில் வந்து இறங்கினார். கோச்சு வண்டிக்கும் பல்லக்குக்கும் சித்திர வேலை செய்து வயிற்றைக் கழுவினார். அந்தப் பல்லக்கைச் சுமந்தவர்கள், எஜமானின் ஹூக்காவைப் பார்த்துக்கொள்ளும் வேலையாள், படகுகள், வாத்தியக்காரர்கள் என்று 250 படங்களைச் செப்புத் தகட்டில் தாமே செதுக்கினார். துரைமாரின் ரசனை வேறு. அவர்களுக்கு தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் வரைந்த மாதிரி பாழடைந்த கோபுரமும் ஆலமரமும் வேண்டும்; மனிதர்கள் ஓரமாக, எறும்பளவில் இருந்தால் போதும். சால்வின்ஸ் படங்களிலோ ஆள்தான் தாளை நிறைத்துக்கொண்டு நிற்பார். வண்ணமும் மங்கல். யாரும் சீந்தவில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். லண்டனில் எட்வர்ட் ஓர்ம் என்ற பதிப்பாளர் இவரைக் கேட்காமலே 60 படங்களை எடுத்து, அழகுபடுத்தி, பளிச்சென்று வண்ணமேற்றி வெளியிட்டார். அது விற்றது! நீங்கள் சொல்லும் அந்தப் பார்வை இருக்கிறதே, அது அங்கேதான் இருக்கிறது. சால்வின்ஸ் விடவில்லை. 1808 முதல் 1812 வரை பாரிஸில் 288 படங்களோடு நான்கு பெரிய தொகுதிகள் போட்டார். மனைவியின் சொத்தும் அதில் கரைந்தது. கடைசியில் சொந்த ஊர்த் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து 1824-இல் இறந்தார்.

சரி, குறையே இல்லையா? உண்டு. மனிதர்களை ஜாதி வாரியாக, வேலை வாரியாக, மேல் கீழ் என்று அடுக்கினார். பல்லக்குத் தூக்கி என்றுதான் எழுதினார், அவர் பெயர் என்ன என்று எழுதவில்லை. இதற்காக அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அதே காலத்தை ஒட்டி, உங்கள் ஊருக்குப் பக்கத்தில், தஞ்சாவூர் ஓவியர்களும் கம்பெனிக்காரர்களுக்காக இன்ன ஜாதி, இன்ன தொழில் என்று புருஷன் பெண்டாட்டியாக வரிசை வரிசையாக எழுதித் தந்திருக்கிறார்கள். அவற்றையும் இந்தப் பக்கங்களில் போடத்தான் போகிறேன். கடிதத்தை இப்போதே தயார் செய்துவிடுங்கள்.