பள்ளிச் சுற்றுலாவில் உயிருள்ள விலங்குகள்: கேள்வி பதில்

ஐந்தாம் வகுப்பு, 60 பிள்ளைகள். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போகிறோம். எப்படித் திட்டமிடுவது? (ஆசிரியை, திருப்போரூர்)

முதலில் கிழமையைப் பாருங்கள் டீச்சர். முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வண்டலூருக்கும் செவ்வாய். இது தெரியாமல் பஸ் பேசிவிட்டு வாசலில் நிற்கும் பள்ளிகள் உண்டு.

பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். அறுபது பேரையும் ஒரே கூட்டமாக நடத்தாதீர்கள். முப்பது பேர் முதலைகளைப் பார்க்கட்டும், மற்ற முப்பது பேர் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். விஷம் எடுப்பது அனுமதி இல்லாத காலங்களில் நடக்காது. முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள்.

1978இல் தொடங்கிய சங்கம் அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷம் மட்டுமே எடுக்கிறார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்குமானது. பானைகளில் துணி கட்டி வைத்திருப்பார்கள். ஒரு பாம்பை நான்கு வாரம் போல வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் ஒரு வெட்டு அடையாளம் போட்டுக் காட்டில் விடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி பிடிபட்டால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகளிடம் இதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். தொட்டி ஓரம் நின்றபின் யார் காதிலும் எதுவும் ஏறாது. அங்கே கூச்சல் கூடவே கூடாது. பாம்பைவிட அதைப் பிடித்திருப்பவரின் கவனத்தைத்தான் அது கெடுக்கும்.

முதலைப் பக்கம் வரும் தொல்லை வேறு. “அசையவே இல்லையே, பொம்மையா?” என்று ஒரு பிள்ளை கேட்கும், அடுத்த பிள்ளை கல்லெடுக்கும். முதலை உடம்புச் சூட்டை வெயிலிலிருந்து வாங்கிக்கொள்ளும் பிராணி. வாயைத் திறந்தபடி கிடப்பது சூட்டைத் தணிக்க. காலையில் அது அசையாமல் கிடப்பதே அதன் வேலை. கல்லெறிவது, தின்பண்டம் போடுவது, சத்தம் போட்டுச் சீண்டுவது எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38ஜே பிரிவில் குற்றம். “ஐந்து நிமிடம் பார், எத்தனை முறை கண் மூடுகிறது என்று எண்ணு” என்று ஒரு வேலை கொடுத்தால் கல் எடுக்கும் கை நிற்கும்.

பிள்ளைகள் பாம்பைத் தொடலாமா?

வேண்டாம். ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி நோய்க்குறி இல்லாமலே இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அறவே கூடாது.

இகுவானா, மலைப்பாம்பு, மக்காவ் கிளி எல்லாம் பள்ளிக்கே கொண்டுவந்து காட்டுகிறோம் என்று ஒருவர் வந்தார். ஒத்துக்கொள்ளலாமா? (தாளாளர்)

பேசுவதற்கு முன் காகிதத்தைக் கேளுங்கள். இகுவானா, பால் பைத்தான் என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு, மக்காவ் போன்றவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் வரும் இனங்கள். இவற்றை வைத்திருப்பவர் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 49எம் பிரிவின்கீழ், 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு விலங்குக்கும் சான்று காட்டச் சொல்லுங்கள். “எல்லாம் இருக்கு சார், வீட்ல இருக்கு” என்றால் ஆளை அனுப்பிவிடுங்கள். வித்தை காட்ட வைப்பதானால் அதற்கு விலங்கு நல வாரியப் பதிவு தனி. நல்லபாம்பு, சாரை, நட்சத்திர ஆமை, பச்சைக்கிளி ஆகியவற்றில் ஒன்று கொண்டுவந்தாலும் நிகழ்ச்சியே வேண்டாம், இவற்றை வைத்திருப்பதே சட்டவிரோதம்.

காகிதம் சரியாக இருந்தாலும், ஒரு விலங்கை வகுப்பு வகுப்பாக நாள் முழுக்கச் சுற்றவிடுகிறாரா, வண்டியில் நிழலும் காற்றும் உண்டா என்று பாருங்கள். மே மாதம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மறுத்துவிடுங்கள்.

வகுப்பில் பச்சைக்கிளி வளர்க்கலாமா?

சட்டவிரோதம். மேலே சொன்னேன்.

தொடவே கூடாது என்பது சரியில்லை சார். ஒருமுறை தொட்டால்தான் பயம் போகும். இல்லாவிட்டால் பெரியவனாகி பாம்பைக் கண்ட இடத்தில் அடிப்பான். (ஒரு தகப்பனார்)

அடிக்கக்கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே எண்ணம். ஆனால் பயம் எந்தப் பாம்பிடம் போகிறது? பழக்கப்பட்ட மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுத்த பிள்ளை, வயலில் கண்ணாடி விரியனைப் பார்த்தால் மலைப்பாம்புக் குட்டி என்றே நினைக்கும். பெரியவர்களே இப்படி ஏமாந்து கடி வாங்குகிறார்கள். கட்டுவிரியனையும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் பிரித்தறிய, பார்த்துப் பழகிய கண் வேண்டும். தொட்டுப் பழகிய கை அதற்கு உதவாது. எட்டி நின்று பார்க்கத் தெரிந்த பிள்ளை அடிக்கவும் மாட்டான், பிடிக்கவும் மாட்டான்.

நான் உயிரியல் ஆசிரியர். அந்தத் தகப்பனார் சொல்வதில் பாதி சரி. கைபடாத பாடம் மனதில் நிற்காது.

ஒத்துக்கொள்கிறேன் சார். அதற்குப் பாம்பு உரித்த சட்டை போதும். பண்ணையில் கேட்டுப் பாருங்கள். தலைப்பகுதியில் கண்ணை மூடியிருந்த கண்ணாடி போன்ற செதிலும் சேர்ந்தே உரிந்திருக்கும். பாம்புக்கு இமை இல்லை என்பதை இதைவிட நன்றாக எந்தப் படமும் காட்டாது. தொட்டபின் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். சானிடைசர் அதற்கு ஈடாகாது.

அந்தத் தகப்பனார் சொல்வதுதான் சரி. எங்கள் பள்ளியில் எல்லாரும் தொட்டோம், ஒன்றும் ஆகவில்லை.

சந்தோஷம்.

எல்.கே.ஜி.க்கு முயல் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், ஆனால் யாரும் நின்றபடி தூக்கக்கூடாது. பின்னங்காலைத் தாங்காமல் தூக்கினால் முயல் உதைக்கும், அந்த உதையிலேயே அதன் முதுகெலும்பு முறியும். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, மடியில் துண்டு விரித்து, முதுகை மட்டும் தடவவிடுங்கள். பத்து நிமிடம் போதும். 30 டிகிரிக்கு மேல் முயலுக்கு ஆகாது. பிறகு கை கழுவ வேண்டும்.

பள்ளிக் கழிவறையில் பாம்பு. என்ன இனம் என்று சொல்லமுடியுமா?

இங்கே கேட்டு நேரத்தைப் போக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு 101க்கு, தீயணைப்புத் துறைக்குப் பேசுங்கள்.

சார், பாம்பைக் கையில் பிடித்து போட்டோ மட்டும்…

முடியாது. மேலே சொன்னதைப் படியுங்கள்.

சுற்றுலாவுக்குப் பணமில்லை. பள்ளியிலேயே என்ன செய்யலாம்? (அரசுப்பள்ளி)

இதைத்தான் எல்லாரும் கேட்டிருக்க வேண்டும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வளருங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் இளசான இலையில் முட்டை இருக்கும். சிறு புழு பறவை எச்சம் போலவே தெரியும், பெரிதானால் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

கடையில் வாங்கிய கறிவேப்பிலை போடாதீர்கள். மருந்து அடித்திருந்தால் ஒரே நாளில் புழு சாகும். கிளையைத் தண்ணீர் ஊற்றிய குறுகிய வாய் பாட்டிலில் நட்டு, வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லாவிட்டால் புழு தண்ணீரில் விழும். எச்சத்தைத் தினமும் அகற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு தண்ணீராகக் கழிந்துவிட்டு அலைய ஆரம்பிக்கும். அது நோயில்லை, கூட்டுப்புழு ஆகப்போகிறது.

வண்ணத்துப்பூச்சி கூட்டிலிருந்து வெளிவரும்போது பற்றித் தொங்கச் சொரசொரப்பான குச்சி வேண்டும். வழுக்கும் கண்ணாடி ஜாடியில் இறக்கை சுருங்கியே காய்ந்துவிடும். வந்த கையோடு கழிவுத் துளி ஒன்று விழும். அது காயத்தால் வருவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். கூட்டில் பூச்சிக்குப் பதில் சின்னத் துளை மட்டும் இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி தின்றிருக்கிறது. அதையும் மறைக்காமல் காட்டுங்கள்.